ஓய்வு நேரத்தில் ஒரு செயலி: நண்பர் குழுவும் நமது சங்கமும்

சனிக்கிழமை மாலை வேளையில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் ஆகிய ஊர்களின் பேருந்து நிலையங்களில் நின்று பார்த்தால் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கும் இளைஞர் பலரைக் காணலாம். வாரம் முழுவதும் அங்கே தொழிற்சாலைகளிலும் கணிப்பொறி அலுவலகங்களிலும் உழைத்துவிட்டு, ஒன்றரை நாள் ஊரில் இருந்து, திங்கட்கிழமை விடியுமுன் மீண்டும் புறப்படுபவர்கள் இவர்கள். இவர்களுள் கணிப்பொறித் தொழில் கற்றவர் இருவர் மூவர் ஒன்று சேர்ந்தால், “நம் ஊர் விவசாயிகளுக்கும் நெசவாளர்களுக்கும் பயன்படும்படி கைபேசியில் ஒரு செயலி செய்து கொடுத்தால் என்ன?” என்ற பேச்சு எழுவது இயல்பு.

இந்த எண்ணம் மிகவும் நல்லது, வரவேற்கத்தக்கது. எனினும் நல்லெண்ணம் ஒன்றே ஒரு காரியத்தை நிலைநிறுத்திவிடாது என்பதைக் கூட்டுறவு இயக்கத்தில் பழகிய நாம் நன்கு அறிவோம். இளைஞர்கள் சங்கத்தின் வாயிற்படிக்கு வந்து, “ஐயா, எங்கள் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள்” என்று கேட்கும்போது நிர்வாகக் குழுவினர் என்ன பதில் கூறுவது? எதை ஏற்பது, எதைக் கேட்டுத் தெளிவது? இவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயலி என்பது யாது?

நெசவாளர்க்கு இதனை விளக்குவது எளிது. தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியைப் பூட்டி நெய்வதை நாம் அறிவோம். பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த சாதனம் அது. வரிசையாகக் கோத்த அட்டைகளில் துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்குகிறது; துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளை மாற்றினால் அதே தறியில் வேறு பூவேலை விழும். தறி ஒன்றே, கட்டளை வேறு. இந்த அட்டை முறையைக் கண்டே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் வரைந்த கணக்கிடும் பொறிக்கும் துளையட்டைகளையே வகுத்தார். இன்றைய கணிப்பொறிக்கு அவரது பொறியே முன்னோடி என்பர்.

கைபேசியும் ஒரு தறி போன்றதே. அதற்கு இடும் கட்டளைகளின் கோவையே செயலி. ஒரு செயலி விலையைக் காட்டும்; மற்றொன்று கணக்கு எழுதும்; இன்னொன்று இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கூறும். அட்டையில் துளையிடுபவரைப் போன்றவரே செயலியை எழுதுபவரும். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிட்டால் நெசவாளரின் வேலை தீர்ந்தது. செயலியின் வேலையோ அவ்விதம் ஒரு நாளும் தீர்வதில்லை. இதைப் பின்னர் விரிவாகக் காண்போம். இக்கட்டுரையில் அங்கத்தினர்கள் முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டியதும் இதுவே.

ஓர் உதாரணம்

தருமபுரியில் உள்ள அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மல்பெரி இலை தின்று வளர்ந்த புழு கூடு கட்டத் தொடங்கிய 5 அல்லது 6 நாட்களுக்குப் பின் கூட்டை எடுக்க வேண்டும். எடுத்ததை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க இயலாது. சில நாட்களில் உள்ளிருக்கும் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்துவிடும். துளைபட்ட கூட்டிலிருந்து அறுபடாத இழை எடுக்க முடியாது. ஆகவே விற்பதற்கு அவனுக்குக் கிடைப்பது மிகக் குறுகிய அவகாசமே. தருமபுரிக்குக் கொண்டுபோவதா, கர்நாடகத்து ராமநகரத்திற்கு வண்டி பிடிப்பதா என்பதை ஓரிரவில் அவன் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த இரவில் இரு சந்தைகளின் அன்றைய விலையையும், வண்டி வாடகையையும், எடைக் குறைவையும் சேர்த்துக் கணக்கிட்டு, “இங்கே விற்றால் கையில் நிற்பது இவ்வளவு, அங்கே விற்றால் இவ்வளவு” என்று காட்டும் ஒரு சிறு செயலி இருந்தால் அது விவசாயிக்குப் பெருந்துணை ஆகும். இதைச் செய்யப் பெரிய நிறுவனம் தேவையில்லை. மூன்று நண்பர்கள் போதும். ஒருவர் கட்டளைகளை எழுதுவார். மற்றொருவர் திரையில் எழுத்தும் பொத்தானும் எங்கே அமைய வேண்டும் என்பதை வரைவார். மூன்றாமவர் விவசாயிகளிடையே சென்று, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எந்த எடையில் எண்ணுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கேட்டு வருவார். இம்மூவரில் கடைசி மனிதரின் வேலையே கடினமானது. பல குழுக்களில் விடுபட்டுப் போவதும் அந்த வேலையே.

தக்காளி, மாங்காய், கேழ்வரகு, சாமை ஆகியவற்றை விளைவிப்போர்க்கும் இத்தகைய தேவைகள் உண்டு. நெசவாளர் சங்கத்தில் எவ்வளவு நூல் வாங்கினோம், எத்தனை உருப்படி கொடுத்தோம், கூலியில் எவ்வளவு பாக்கி என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமல் கையிலேயே பார்த்துக்கொள்ள உதவும் செயலியும் அவ்வாறே. முதல் பதிப்பு சிறியதாய், ஒரே ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்வதாய் இருத்தல் வேண்டும். பத்து வேலைகளை அரைகுறையாகச் செய்யும் செயலியை இரண்டாம் வாரத்தில் எவரும் திறக்கமாட்டார்கள்.

நிற்க. வேலையைத் தொடங்குமுன் அது ஏற்கனவே உள்ளதா என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம். தமிழக அரசு 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘உழவன்’ என்னும் செயலியை வெளியிட்டது. மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை முதலியவற்றை அது தருவது. இ-நாம் என்னும் தேசிய மின்னணுச் சந்தை 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அரசு செய்து வைத்ததையே மீண்டும் செய்வதில் பயனில்லை. அரசின் செயலி எட்டாத, நம் ஊர்க்கே உரிய சிறு தேவையே நண்பர் குழுவின் களம்.

தமிழில் முன் நடந்தவை

ஓய்வு நேரத்தில் கூடிய சிலர் பெரும்பயன் விளைத்த செய்தி தமிழர்க்குப் புதிதன்று. கணிப்பொறியில் தமிழ் எழுதுவதே அரிதாயிருந்த காலத்தில், 2000-களின் தொடக்கத்தில், முகுந்த் என்பவரும் ‘தமிழா’ என்னும் குழுவினரும் ‘இ-கலப்பை’ என்ற எழுது கருவியைச் செய்து இலவசமாக வழங்கினார்கள். நிலத்தை உழுவதற்குக் கலப்பை. கணிப்பொறியில் தமிழை உழுவதற்கு இக்கலப்பை. பெயரே நம் உழவர்க்கு உவப்பானது. பிற்காலத்தில் அது, எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளாயிற்று.

கைபேசியில் தமிழ் வந்த வரலாற்றிலும் தனிமனிதரின் விடாமுயற்சி உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இலேயே ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர். அவருடைய ‘செல்லினம்’ 2005-ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. கைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்ப அது வழி செய்தது. ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை திறந்தது 2008 ஜூலையிலும், ஆண்டிராய்டு கைபேசிகளுக்கான கடை திறந்தது அதே ஆண்டு அக்டோபரிலும் என்பதை நினைத்தால், தமிழ் எத்துணை முன்னதாகக் கைபேசிக்குள் நுழைந்தது என்பது விளங்கும்.

நம் விஷயத்திற்கு மிக நெருங்கிய உதாரணம் ‘கணியம்’ குழுவினருடையது. த. சீனிவாசன் என்பவரும் நண்பர்களும் 2012-ஆம் ஆண்டு கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் கணியம் இதழைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு தமிழ் மின்னூல்களை எவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியிடும் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்கள். அந்நூல்களைக் கைபேசியிலேயே எடுத்துப் படிக்க ஆண்டிராய்டு செயலி ஒன்றும் செய்யப்பட்டது. இவர்களுள் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒருவர் எழுத்தாளரிடம் அனுமதி பெறுவார். ஒருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒருவர் அட்டைப்படம் வரைவார். ஒருவர் மின்னூலாக மாற்றுவார். 2018-இல் கணியம் ஓர் அறக்கட்டளையாகவும் அமைக்கப்பட்டது.

இம்முயற்சி நிலைத்ததன் காரணம் என்ன? நாம் காண்பவை மூன்று. முதலாவது, வேலை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவர் விலகினால் அவ்விடத்தில் வேறொருவர் நிற்க முடிந்தது. இரண்டாவது, நூல்களும் மென்பொருளும் பொது உரிமத்தின் கீழ் இருந்தன. எதுவும் ஒருவரின் பெட்டிக்குள் பூட்டப்படவில்லை. மூன்றாவது, நட்பாகத் தொடங்கியது நாளடைவில் சட்டப்படி பதிவான அமைப்பாயிற்று. இம்மூன்றும் கூட்டுறவின் குணங்களே என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

விவசாயத்தைப் பொறுத்த மட்டில் அயல்நாட்டு உதாரணம் ஒன்றையும் கூறலாம். கென்யா தேசத்தில் 2010-ஆம் ஆண்டு மூன்று இளம்பெண்கள் ‘எம்-ஃபார்ம்’ என்பதைத் தொடங்கினார்கள். குறுஞ்செய்தி அனுப்பினால் விளைபொருளின் சந்தை விலை பதிலாக வரும்; சிறு விவசாயிகள் ஒன்றுசேர்ந்து மொத்தமாக விற்பதற்கும் அது இடமளித்தது. விலை தெரியாதவனிடம் தரகர் ஒரு விலையும், தெரிந்தவனிடம் வேறு விலையும் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கமே. அதற்கு மருந்தும் எங்கும் ஒன்றே: செய்தி எல்லோர்க்கும் ஒரே நேரத்தில் எட்டுதல்.

நூல் எங்கே அறுகிறது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மூன்று நண்பர்கள் வாரத்தில் ஆளுக்கு 6 மணி நேரம் ஒதுக்குகிறார்கள் எனக் கொள்வோம். மொத்தம் 18 மணி. முழுநேரப் பணியாளர் ஒருவரின் வார வேலையில் அது பாதிகூட இல்லை. முதல் மாதத்தில் உற்சாகம் இந்தக் குறையை நிரப்பிவிடும். செயலி வெளிவந்த அன்று பாராட்டும் கிடைக்கும். பிறகு ஒருவருக்குத் திருமணம். ஒருவருக்கு வேறு ஊருக்கு மாற்றம். ஒருவருக்கு அலுவலகத்தில் இரவு வேலை. எவரும் குற்றம் செய்யவில்லை. ஆனால் செயலி அனாதையாகிறது.

அனாதையான செயலி இருந்தபடியே இருந்துவிட்டால் பெரிய கேடில்லை. அது இருப்பதில்லை என்பதே சங்கடம். கைபேசியின் இயக்க முறை ஆண்டுதோறும் மாறுகிறது. கூகுள் நிறுவனம் தன் கடையிலுள்ள செயலிகள் புதிய இயக்க முறைக்கு ஏற்றபடி திருத்தப்பட வேண்டும் என்று ஆண்டுதோறும் கெடு வைக்கிறது; அது பெரும்பாலும் ஆகஸ்டு இறுதி. திருத்தாமல் நெடுநாள் விட்ட செயலி, புதிய கைபேசி வாங்கியவர் தேடும்போது கடையில் தென்படாது. பழைய கைபேசி வைத்திருப்பவர்க்கு வேலை செய்யும், புதியவர்க்குக் கிடைக்காது. ஒரே சங்கத்தில் பாதிப் பேர்க்கு விலை தெரிந்து, பாதிப் பேர்க்குத் தெரியாமற் போகும். எதை நீக்கச் செயலி வந்ததோ அதே குறையை அதுவே உண்டாக்கும்.

பிழையான செய்தி இன்னும் கொடியது. விலையை அன்றாடம் பதிவு செய்தவர் நிறுத்திவிட்டால், நேற்றைய விலை இன்றைய விலையாய்த் திரையில் நிற்கும். அதை நம்பிக் கூட்டை வண்டியில் ஏற்றிய விவசாயியின் நஷ்டத்திற்கு யார் பொறுப்பு? ஆகவே விலை காட்டும் எந்தச் செயலியும் அந்த விலை எந்த நாளுக்கு உரியது, எங்கிருந்து பெறப்பட்டது என்பதைப் பெரிய எழுத்தில் காட்டியே ஆக வேண்டும். பழைய விலையானால் மறைத்துவிட வேண்டும். விலையே தெரியாவிட்டால் விவசாயி நாலு பேரை விசாரிப்பான். பழைய விலையைப் புதியதென நம்பினாலோ விசாரிக்கவும் மாட்டான்.

முறையாக முடித்துக்கொண்ட குழு ஒன்றையும் இங்கே குறிப்பிடல் தகும். கொரோனா நோய் பரவிய 2020 மார்ச்சில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து தன்னார்வலர் சிலர் கூடி, மாநில வாரியாக நோய்க் கணக்கைத் திரட்டி வெளியிடத் தொடங்கினார்கள். ‘கோவிட்19இந்தியா’ என்ற அப்பணியை ஆராய்ச்சியாளரும் பத்திரிகைகளும் நம்பின. தம்மால் தொடர்ந்து செய்ய இயலாது என்பதை உணர்ந்தபோது அவர்கள் சொல்லாமல் மறைந்துவிடவில்லை. 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டு அக்டோபர் 31-இல் நிறுத்தினார்கள். திரட்டிய புள்ளிகளை எல்லோர்க்கும் பொதுவாய் விட்டுச் சென்றார்கள். முடிப்பதிலும் ஒரு முறை உண்டு என்பதற்கு இது சான்று.

செலவு எவ்வளவு?

நண்பர்கள் கூலி வாங்காமல் உழைத்தாலும் செயலிக்குச் செலவு உண்டு. கூகுளின் கடையில் செயலி வெளியிடுவோர் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர், அதாவது 2,000 ரூபாய்க்குச் சற்று மேல், கட்ட வேண்டும். ஆப்பிள் கடைக்கு ஆண்டுதோறும் 99 டாலர். நம் கிராமங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்டிராய்டு கைபேசியே. ஆதலால் முதலில் அது ஒன்றே போதும். செய்திகளைச் சேமித்து வைக்கும் கணிப்பொறிக்கு மாத வாடகை உண்டு. பயன்படுத்துவோர் பெருகப் பெருக அவ்வாடகையும் பெருகும். இது ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத செலவு. நண்பர் ஒருவரின் சட்டைப் பையிலிருந்து போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் அவருக்கு நெருக்கடி வந்தால் செயலி நின்றுவிடும். ஆகவே முதல் நாள் தொட்டே இதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டும்.

சங்கம் உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. 2023 நவம்பருக்குப் பின் தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் சோதிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. நகரத்தில் தனித்து வாழும் இளைஞர்க்குப் பன்னிரண்டு பேர் கிடைப்பது அரிது. கிடைப்பவரும் அவரைப் போன்ற கணிப்பொறிக்காரராகவே இருப்பர். நம் சங்கத்திலோ கூடு வளர்ப்போரும் தறி நெய்வோருமாகப் பன்னிரண்டு அங்கத்தினர் உடனே கிடைப்பர். கண்ணாடி அணிந்து படிக்கும் முதியவரும், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் அவர்களில் இருக்க வேண்டும். மலைப்பக்கத்து ஊர்களில் அலைத்தொடர்பு எங்கும் ஒரே சீராக இராது. தொடர்பு அறுந்தாலும் செயலி கடைசியாகப் பெற்ற செய்தியைத் தேதியுடன் காட்டுகிறதா என்பதை அங்குள்ள அங்கத்தினரே சோதித்துச் சொல்ல முடியும்.

உரிமை யாருடையது?

நட்பு முறிவதற்குப் பணமின்மையைக் காட்டிலும் பணம் வருவதே பெரும்பாலும் காரணமாகிறது. செயலிக்கு ஒரு நாள் யாராவது விலை பேசினால் அது யாருடைய சொத்து?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. எழுதியவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் தம் உத்தியோகத்தின் ஒரு பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்து, வேலை கொடுத்தவர்க்கே உரியது. ஆகவே குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் நியமன உத்தரவையும் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்து, ஓய்வு நேர வேலையைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக் கணிப்பொறியில் ஒரு வரிகூட எழுதாமலிருப்பது உத்தமம்.

இரண்டாவதாக, மூவர் சேர்ந்து எழுதியதற்கு மூவரும் உரிமையாளர். “எழுத்து வேண்டாம், நாம் சிநேகிதர்கள்தானே” என்று கூறுவது பாகப்பிரிவினைப் பத்திரமில்லாமல் அண்ணன் தம்பிகள் நிலத்தை உழுவது போலாகும். முதல் தலைமுறை சண்டையின்றிக் கழியலாம். இரண்டாம் தலைமுறை நீதிமன்றத்தில் நிற்கும். யார் எதைச் செய்வது, விலகுபவர் எத்தனை நாள் முன் அறிவிப்பது, விலகியவரின் பங்கு என்ன ஆவது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். நண்பர்களிடையே எழுதப்படும் இந்தத் தாள் அவநம்பிக்கையின் அடையாளமன்று; நட்புக்குப் போடும் வரப்பு.

மூன்றாவதாக, அங்கத்தினர் தரும் செய்திகள். பெயர், தொலைபேசி எண், நிலத்தின் அளவு, வங்கிக் கணக்கு ஆகியவை அங்கத்தினருக்குச் சொந்தமானவை. செயலி எழுதியவர்க்குச் சொந்தமல்ல. 2023-இல் பாராளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் செய்தியை அவருடைய சம்மதத்துடன், சொன்ன காரியத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. கூட்டின் விலையைக் காட்டும் செயலிக்கு விவசாயியின் ஆதார் எண் எதற்கு? தேவையற்றதைக் கேட்காமலிருப்பதே சிறந்த பாதுகாப்பு.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, நண்பர் குழுவொன்று அணுகும்போது நிர்வாகக் குழு கேட்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

1. இச்செயலி அங்கத்தினரின் எந்த ஒரு தேவையைத் தீர்க்கிறது? அதை ஓர் அங்கத்தினர் தம் சொந்த வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

2. அரசின் செயலியோ வேறொன்றோ அதே வேலையைச் செய்கிறதா?

3. கடையில் உள்ள கணக்கு யார் பெயரில்? சங்கம் தொடர்ந்து பயன்படுத்தப் போவதானால் கணக்கு சங்கத்தின் பெயரில் இருப்பதே நலம். நிறுவனத்தின் பெயரால் கணக்குத் தொடங்க டன்ஸ் எண் என்னும் ஒரு பதிவு எண்ணைக் கூகுள் கேட்கும்; அதை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும்.

4. செயலியின் புதிய பதிப்பை வெளியிட மின்னணு முத்திரை ஒன்றும் இரகசியச் சொற்களும் தேவை. இவை ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரட்டைச் சாவி வைப்பது போல இருவரிடம் இருக்க வேண்டும்.

5. எழுதிய நிரலின் பிரதி ஒவ்வொரு பதிப்புக்கும் சங்கத்தில் ஒப்படைக்கப்படுகிறதா? நண்பர்கள் விலகினாலும் வேறொருவர் எடுத்துத் தொடர அதுவே வழி.

6. ஆண்டுக்கு ஒரு முறையேனும் திருத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது? அதற்குச் சங்கம் என்ன தொகை ஒதுக்குகிறது?

7. நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்பாக அறிவிப்பார்கள்? கணக்குகள் எந்த வடிவில் திருப்பித் தரப்படும்?

8. முதல் ஓராண்டு முழுவதும் பழைய கணக்குப் புத்தகமும் கூடவே எழுதப்பட வேண்டும். கைபேசி வந்துவிட்டதென்று பேரேட்டைத் தூக்கி எறிவது அறிவுடைமையன்று.

ஆறாவது கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. இளைஞர்கள் இலவசமாகச் செய்கிறார்கள் என்பதற்காக இலவசமாகவே என்றும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. நெசவாளரின் கூலியைக் குறைத்து வியாபாரி பிழைத்த கொடுமையை எதிர்க்கவே நாம் சங்கம் கண்டோம். பிறருடைய உழைப்பைக் கூலியின்றிக் கொள்ளும் பழி நம் மீது வரலாகாது. முதல் பதிப்பை அன்பளிப்பாக ஏற்போம். பராமரிப்புக்குச் சிறு தொகையேனும் பொதுக்குழுவின் ஒப்புதலுடன் ஒதுக்குவோம். தனித்து ஒரு சங்கத்தால் இயலாவிடில் அக்கம்பக்கத்துச் சங்கங்கள் நாலைந்து சேர்ந்து ஏற்கலாம். ஒரே செயலியைப் பல சங்கங்கள் பயன்படுத்துவதால் செலவு கூடுவது மிகக் குறைவு. பங்கிட்டால் ஒவ்வொன்றின் சுமையும் இலேசாகும்.

சில பெரிய கதைகளைக் கேட்டு இளைஞர்கள் மயங்குவதும் உண்டு. இன்ஸ்டாகிராம் என்பதை இருவர் 2010-இல் வெளியிட்டனர். இரண்டே ஆண்டில் அது 100 கோடி டாலருக்கு விலைபோயிற்று. உண்மைதான். அதே காலத்தில் எழுதப்பட்டு எவரும் அறியாது மறைந்த செயலிகளுக்கு வரலாறு எழுதப்படவில்லை. நாம் வேண்டுவது கோடிகளை அன்று. ஒரு கூடு வளர்ப்பவர்க்கு ஒரு கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாய்க் கிடைத்து, ஒரு நெசவாளர் தம் கூலிப் பாக்கியைச் சந்தேகமின்றி அறிந்துகொண்டால் அச்செயலி வென்றதாகவே கொள்வோம்.

முடிவுரை

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், நெசவாளர் பலரும் அவர்களுள் இருக்க, ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். டிசம்பர் 21 இரவில் கதவு திறந்தபோது உள்ளே இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே. அவர்களும் பகலெல்லாம் உழைத்து மாலையில் கடை நடத்தியவர்கள்தாம். அவர்களுக்கு முன்பும் எத்தனையோ கடைகள் நல்லெண்ணத்துடன் தொடங்கி மூடப்பட்டிருந்தன. ராச்டேல் மட்டும் உலகத்துக்கு வழிகாட்டியாயிற்று. அவர்கள் எழுதி வைத்த விதிகளும், ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறையும், ஒளிவுமறைவற்ற கணக்குமே அதற்குக் காரணம்.

இன்று மாலை வேளையில் கணிப்பொறியின் முன் அமரும் நம் மாவட்டத்து இளைஞர்களும் அந்தக் கடைக்காரரின் வாரிசுகளே. அவர்களிடம் தொழில் அறிவு உண்டு. நம்மிடம் சேர்ந்து நடத்தும் அனுபவம் உண்டு. சனிக்கிழமை இறங்கிவரும் இளைஞனைச் சங்கத்திற்கு அழைத்து, உட்கார வைத்து, நமது தேவையைச் சொல்லுங்கள். அவன் சொல்வதையும் கேளுங்கள். பின்னர் இருவருமாக ஒரு தாளில் விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவன் பேருந்து ஏறிய பின்பும் அந்த வேலை இங்கே நின்று நடக்கும்.